மருந்து ஊற்றும் முன் செவுளை எண்ணுங்கள்

மாலை ஏழு மணிக்கு மேல் என் போன் அடித்தால் பெரும்பாலும் மீன் சமாச்சாரம்தான். "அக்கா, நேத்து வாங்கிட்டுப் போன ஒராண்டா ஒரு மாதிரியா இருக்கு. என்ன மருந்து ஊத்தட்டும்?" நான் திருப்பிக் கேட்பேன்: "செவுள் நிமிஷத்துக்கு எத்தனை தடவை திறந்து மூடுது?" அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. அந்த எண் தெரியாமல் எந்த மருந்தையும் நான் சொல்வதில்லை. அதை எப்படி எண்ணுவது, எண்ணியதை வைத்து என்ன செய்வது என்பதை ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி முடிப்பதில்லை என்பதால் இங்கே முழுசாக எழுதுகிறேன்.

நான் கொளத்தூரில் இருக்கிறேன். சென்னையில் வண்ணமீன் வாங்க எங்கே போவது என்று கேட்டால் பலரும் இந்த ஊரைத்தான் சொல்வார்கள். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒன்பது சிமெண்ட் தொட்டிகள், கீழே ஹாலில் மூன்று கண்ணாடித் தொட்டிகள். ஒராண்டா (தலையில் கொண்டை வளரும் கோல்டு ஃபிஷ் வகை), சாதா கோல்டு ஃபிஷ், மாலி வளர்த்துக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கொடுக்கிறேன். ஆரம்ப வருஷங்களில் மீன் சோர்ந்தால் உடனே மருந்து பாட்டிலைத்தான் தேடுவேன். பழைய நோட்டுகளைப் புரட்டினால் இப்போது தெரிகிறது, அன்று செத்த மீன்களில் பலவற்றுக்கு நோயே இல்லை. மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த மீன்களின் தண்ணீரில் நான் மருந்தையும் சேர்த்து ஊற்றியிருக்கிறேன். அந்த வருத்தம்தான் என்னை எண்ண வைத்தது.

மீனின் மூச்சு எப்படி நடக்கிறது

மீன் வாயைத் திறந்து தண்ணீரை இழுக்கும். வாயை மூடி அதைச் செவுள் இழைகளின் மேல் தள்ளும். செவுள் மூடி திறந்து தண்ணீர் வெளியே போகும். இந்த ஒரு சுற்று ஒரு மூச்சு. நாம் எண்ணப்போவது செவுள் மூடி திறந்து மூடுவதைத்தான்.

நமக்கு மூச்சு விடுவது ஒரு வேலையாகவே தெரியாது. மீனுக்கு அப்படியில்லை. ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில், 25 டிகிரியில், கரைந்து நிற்பது அதிகபட்சம் 8.2 மில்லிகிராம்தான். 30 டிகிரியில் அது 7.5 ஆகிவிடும். இந்தத் துளியூண்டை எடுக்க மீன் ஓயாமல் தண்ணீரை இறைக்க வேண்டும். அதற்குத் தோதாக, செவுள் இழைகளில் ரத்தம் தண்ணீர் ஓடும் திசைக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. அதனால் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனில் 80 சதவீதம் வரைகூட சில மீன்களால் உறிஞ்சிவிட முடியும். நம் நுரையீரல் உள்ளே வரும் ஆக்சிஜனில் கால் பங்கைத்தான் எடுக்கிறது. எனக்கு இது இன்னும் ஆச்சரியம்தான்.

கடைக்காரர்கள் "ஸ்ட்ரெஸ்" என்று சொல்வது என்ன? வலையில் பிடிபட்டதும் சில நொடிகளில் மீனின் ரத்தத்தில் அட்ரினலின் பாய்கிறது. சில நிமிடங்களில் கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் ஏறுகிறது. இதயம் வேகமாக அடிக்கும், செவுளில் வழக்கமாக ஓய்ந்திருக்கும் இழைகளுக்கும் ரத்தம் போகும், மூச்சு கூடும். தப்பித்து ஓடத் தேவையான ஆக்சிஜனை உடம்பு இப்படித் திரட்டுகிறது. ஆனால் செவுள் வழியாக ஆக்சிஜன் மட்டும் போய் வருவதில்லை. நன்னீர் மீனின் உடம்பில் உப்பு அதிகம், வெளியே தண்ணீரில் குறைவு. செவுளில் ரத்த ஓட்டம் கூடும்போது தண்ணீர் உள்ளே கசிகிறது, உப்பு வெளியே போகிறது. பதற்றம் மணிக்கணக்கில் நீடித்தால் மீன் உப்பை இழந்தே தளர்ந்துவிடும். பெரியவர்கள் புது மீன் வந்தால் கல் உப்பு போட்டதன் காரணம் இதுதான்.

எண்ணும் முறை

நேரம் முக்கியம். நான் காலையில் தீனி போடும் முன், விளக்கைப் போட்டு அரை மணி கழித்து எண்ணுகிறேன். தின்றவுடன் மூச்சு கூடும், இருட்டில் இருந்த தொட்டியில் பட்டென்று விளக்கைப் போட்டாலும் கூடும். அந்த எண்கள் உங்களைக் குழப்பிவிடும்.

தொட்டியிலிருந்து நாலடி தள்ளி ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்கள். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தால் மீன் உங்களைத் தீனி தரும் ஆளாகவோ ஆபத்தாகவோ பார்க்கும், இரண்டிலும் மூச்சு மாறும். உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஒன்றும் செய்யாதீர்கள். மீன் உங்களை மறக்கட்டும்.

அப்புறம் ஒரே மீனைத் தேர்ந்து, அதன் ஒரு பக்கச் செவுள் மூடியை மட்டும் பாருங்கள். மூடி கண்ணுக்குச் சரியாகத் தெரியாவிட்டால் வாயைப் பாருங்கள், இரண்டும் ஒரே தாளத்தில்தான் நடக்கும். போனில் டைமர் வைத்து 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். மூன்று தடவை செய்து நடுவில் வரும் எண்ணை எழுதுங்கள். நான் 78, 80, 94 என்று எண்ணியிருந்தால் 80 என்று எழுதுவேன். அந்த 94-இல் மீன் பக்கத்து மீனை விரட்டிப் போயிருக்கும். மீன் நீந்திக்கொண்டிருக்கும்போது எண்ணாதீர்கள், நின்று மிதக்கும்போது எண்ணுங்கள்.

மாலி, கப்பி மாதிரிச் சின்ன மீன்களில் செவுள் அசைவு கண்ணுக்கு எட்டாத வேகத்தில் இருக்கும். அதற்குப் போன் கேமராவின் ஸ்லோ மோஷன் போதும். நொடிக்கு 120 படம் என்ற அமைப்பில் 15 நொடி எடுத்தால், மெதுவாக ஓடும்போது திரையில் ஒரு நிமிடம் வரும். அதில் எண்ணியதை 4-ஆல் பெருக்கினால் நிமிடக் கணக்கு கிடைத்துவிடும். சில போன்கள் படத்தின் நடுப்பகுதியை மட்டும் மெதுவாக்கும், அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

எண்ணோடு நாலு விஷயங்களைச் சேர்த்து எழுதச் சொல்வேன். தண்ணீரின் வெப்பம். செவுள் எவ்வளவு அகலமாகத் திறக்கிறது: லேசாகவா, வழக்கம் போலவா, உள்ளே சிவப்பு தெரியும் அளவுக்கா? இரண்டு பக்கமும் ஒன்றுபோல் அசைகிறதா? மீன் இருமுகிறதா? ஆம், மீன் இருமும். திடீரென்று வாயையும் செவுளையும் ஒரு உதறு உதறித் தண்ணீரைப் பின்னோக்கித் தள்ளும். செவுளில் ஒட்டிய தூசியைக் கழுவ அது செய்யும் வேலை. ஐந்து நிமிடத்தில் ஒன்றிரண்டு என்றால் கவலையில்லை. நிமிடத்துக்கு இரண்டு மூன்று என்றால் தண்ணீரில் செவுளை உறுத்தும் ஏதோ ஒன்று இருக்கிறது.

நல்ல நாளில் எண்ணி வையுங்கள்

என்னிடம் எல்லாரும் கேட்பது, "நார்மல் எவ்வளவு அக்கா?" எல்லா மீனுக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. சின்ன மீன் வேகமாக மூச்சு விடும், பெரிய மீன் மெதுவாக. வெப்பம் பத்து டிகிரி கூடினால் மீனின் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதே நேரம் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைகிறது. கத்திரி வெயில் நாட்களில் மீன் இரண்டு பக்கமும் நெரிபடுகிறது.

என் ஹால் தொட்டியில் இருக்கும் நாலங்குல ஒராண்டாக்களுக்கு, தண்ணீர் 27 டிகிரி இருக்கும்போது 72 முதல் 80 வரை வருகிறது. அதே மீன்களுக்கு மே மாதம் 31 டிகிரியில் 96, 100, சில நாள் 104. இரண்டுமே அந்த மீன்களுக்கு நலம்தான். மாலிகளுக்கு 130, 140 சாதாரணம். இவை என் தொட்டி எண்கள். உங்கள் எண்ணை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்குப் பத்து நாள் போதும். மீன் நன்றாகத் தின்று, நன்றாக நீந்தும் பத்து நாட்களில் தினமும் காலையில் எண்ணி, வெப்பத்தையும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பதினோராம் நாள் அந்த மீனின் சொந்த எண் உங்கள் கையில் இருக்கும். அதே வெப்பத்தில் அந்த எண்ணைவிட மூன்றில் ஒரு பங்கு கூடி, ஒரு மணி நேரத்துக்கு மேலும் இறங்காமல் நின்றால் நான் தொட்டியை விட்டு நகர மாட்டேன். 76 இருந்த மீனுக்கு 100 என்றால் அந்தக் கோடு. இது ஆய்வுக்கூடம் தந்த விதியல்ல, என் தொட்டிகளில் எனக்குப் பலன் தந்த அளவு.

இறங்குகிறதா என்று பாருங்கள்

பதறினால் எந்த மீனுக்கும் மூச்சு ஏறும், அதில் தப்பில்லை. எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

புது மீனை வைத்துச் சொல்கிறேன். கவரில் வந்த ஒராண்டாவைத் தொட்டியில் விட்டதும் எண்ணினால் 140 வரும். இரண்டு மணி நேரத்தில் 110. மறுநாள் காலை 84. இப்படிப் படிப்படியாக இறங்கும் மீனுக்கு இருட்டும் அமைதியும் போதும். ஒரு துணியைத் தொட்டி மேல் போர்த்தி, அன்று தீனி போடாமல் விடுங்கள். 140-இல் ஆரம்பித்து மறுநாளும் 130-இல் நிற்கும் மீன் வேறு கதை. அங்கே பயணக் களைப்பைத் தாண்டி ஏதோ இருக்கிறது.

கவரைத் திறப்பதிலேயே பலர் ஒரு தவறு செய்கிறார்கள், அதைச் சொல்லாமல் போக முடியாது. மூடிய கவருக்குள் மீன் விட்ட கார்பன் டை ஆக்சைடால் தண்ணீரின் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) இறங்கியிருக்கும். மீன் கழித்த அம்மோனியாவும் சேர்ந்திருக்கும். பி.எச். தாழ்ந்திருக்கும் வரை அம்மோனியாவின் பெரும்பகுதி விஷமில்லாத வடிவத்தில் அடங்கிக் கிடக்கும். கவரைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு பறந்துவிடும், பி.எச். ஏறும், அம்மோனியா விஷமாக மாறும். 25 டிகிரியில் பி.எச். 7 இருந்தால் அம்மோனியாவில் விஷ வடிவம் ஏறக்குறைய 0.6 சதவீதம்தான், 8 ஆனால் 5 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதனால் கவரை மூடியபடியே 15, 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். திறந்த பிறகு தாமதிக்காமல் மீனை மட்டும் மெல்ல எடுத்து விடுங்கள். கவர் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். திறந்த கவரில் ஏர் ஸ்டோன் (காற்றைக் குமிழியாக விடும் கல்) போட்டு ஒரு மணி நேரம் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மீன்மேல் உள்ள அன்பில்தான் செய்கிறார்கள், ஆனால் அது மீனுக்குக் கேடு.

சத்தத்துக்கும் இதே கணக்கு. தீபாவளி இரவில் ஹால் தொட்டியை நான் விடாமல் எண்ணியிருக்கிறேன். தெருவில் பெரிய வெடி வெடித்ததும் சில மீன்கள் ஒரு கணம் செவுளை அசைக்காமல் அப்படியே உறைந்து நிற்கும், அதன் பிறகுதான் மூச்சு படபடக்கும். அந்த உறைந்த கணத்தில் எண்ணினால் "மெதுவாகத்தானே விடுகிறது" என்று ஏமாந்துபோவீர்கள். எங்கள் மீன்களுக்கு வெடி ஓய்ந்து அரை மணியில் பழைய எண் வந்துவிடுகிறது. இப்போது அன்று மாலையே தொட்டியைச் சுவரிலிருந்து விலக்கி, அடியில் தெர்மாகோல் வைத்து, மேலே போர்வை போட்டுவிடுகிறேன்.

எண் மட்டும் போதாது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். கரண்ட் இல்லை. ஹாலில் மூன்று தொட்டிகள், என்னிடம் இருந்தது ஒரே ஒரு பேட்டரி ஏர் பம்ப். எந்தத் தொட்டிக்குப் போடுவது? டார்ச்சைச் சுவரில் அடித்து, அந்த மங்கலான வெளிச்சத்தில் மூன்றையும் எண்ணினேன். முதல் தொட்டியில் 110, இரண்டாவதில் 92, மூன்றாவதில் 84. எண்ணை மட்டும் பார்த்தால் முதல் தொட்டிக்குத்தான் போட வேண்டும். ஆனால் அந்த 110-காரர்கள் செவுளை லேசாகத்தான் திறந்தார்கள். டார்ச்சுக்கும் என் நடமாட்டத்துக்கும் மிரண்டிருந்தார்கள். இரண்டாவது தொட்டியில் 92 என்றாலும் ஒவ்வொரு மூச்சுக்கும் வாய் அகலத் திறந்தது, செவுள் மூடி தூக்கி உள்ளே சிவப்பு தெரிந்தது. அங்கே மீன் நெருக்கம் அதிகம். பம்பை அங்கே போட்டேன்.

ஆக்சிஜன் குறையும்போது பல மீன்கள் மூச்சை வேகப்படுத்துவதோடு ஆழப்படுத்தவும் செய்கின்றன. ஒவ்வொரு தடவையும் அதிகத் தண்ணீரை இழுக்கும். அதனால் எண்ணிக்கை கொஞ்சம் ஏறினாலும் உழைப்பு பல மடங்கு இருக்கலாம். மற்ற இரண்டு தொட்டிகளுக்கும் இரவு முழுக்க ஒரு மணிக்கு ஒரு தடவை, மக்கில் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து இருபது முப்பது தடவை ஊற்றினேன். ஊற்றி முடித்துக் கால் மணி கழித்து எண்ணுவேன். மறுநாளும் கரண்ட் வரவில்லை. தீனி முழுக்க நிறுத்திவிட்டேன். ஒரு மீனும் போகவில்லை.

2004-இல் பிரேசிலைச் சேர்ந்த பரேட்டோ, வோல்பாட்டோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் திலேப்பியா மீன்களை வைத்து இதைச் சோதித்து எழுதினார்கள். மீனுக்குத் தொந்தரவு நேர்ந்ததை மூச்சு வேகம் உடனே காட்டிவிடுகிறது, ஆனால் தொந்தரவு எவ்வளவு கடுமையானது என்பதை அது எப்போதும் காட்டுவதில்லை என்பது அவர்கள் கண்டது. என் அனுபவமும் அதேதான். செவுள் எண்ணிக்கை கதவைத் தட்டும். வந்திருப்பது யார் என்று நீங்கள்தான் திறந்து பார்க்க வேண்டும். அமெரிக்காவில் சில பெரிய நகரங்கள் குடிநீரைக் காவல் காக்க ப்ளூகில் என்ற மீனை இப்படித்தான் பயன்படுத்தின. செவுள் அசைவில் எழும் மெல்லிய மின் அலைகளைக் கணினி கவனிக்கும்; பல மீன்களின் மூச்சு ஒரே நேரத்தில் தடம் மாறினால் எச்சரிக்கும். தண்ணீரில் என்ன கலந்தது என்று மனிதர்கள் தனியாகச் சோதித்துக்கொள்ள வேண்டியதுதான்.

காரணத்தைத் தேடும் விதம்

முதலில் பார்க்க வேண்டியது, எல்லா மீனுக்கும் ஏறியிருக்கிறதா, ஒன்றிரண்டுக்கா என்பது. எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ஏறினால் தண்ணீரில்தான் பிழை, நோய் அவ்வளவு ஒற்றுமையாக வராது.

2019 கோடையை சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீரை நம்பியிருந்த மாதங்கள். ஜூனில் ஒரு நாள் வழக்கமான லாரி வராமல் வேறொருவரிடம் தண்ணீர் வாங்கினேன். மீனுக்கு என்று சொல்லியிருந்தேன், குளோரின் போடவில்லை என்றார். அவசரத்தில் நான் சோதிக்கவில்லை. ஒரு தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றி முடித்த இரண்டாவது நிமிடம் மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருமின. எண்ணியபோது 150-ஐத் தாண்டியது. சோடியம் தயோசல்பேட் கரைத்து ஊற்றினேன், குளோரின் முறிந்தது, ஆனால் செவுள் ஏற்கெனவே வெந்திருந்தது. பதினான்கில் ஐந்தைத்தான் காப்பாற்ற முடிந்தது. அன்றிலிருந்து லாரித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, ஒரு குவளையில் எடுத்துக் குளோரின் சோதனைச் சொட்டு விட்டு, மஞ்சள் ஏறவில்லை என்று பார்த்த பிறகே தொட்டிக்குப் போகும்.

புதுத் தொட்டி வைத்து இரண்டு, மூன்று வாரத்தில் மூச்சு ஏறினால் நைட்ரைட்டைச் சந்தேகப்படுங்கள். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா முதலில் பெருகும், அது கழிக்கும் நைட்ரைட்டைத் தின்னும் பாக்டீரியா தாமதமாகத்தான் வரும். இடையில் சேரும் நைட்ரைட் ரத்தத்தில் புகுந்து ஹீமோகுளோபினைக் கெடுத்துவிடும். ரத்தம் காப்பிக் கலராகும், செவுளும் சிவப்பு மங்கிப் பழுப்பாகும். பம்ப் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும், தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கும், ஆனால் மீனால் எடுத்துச் செல்ல முடியாது. இங்கே கல் உப்பு நேரடியாக வேலை செய்கிறது. உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுளுக்குள் நுழையும் வழியை மறித்துவிடும்.

விடியற்காலையில் மட்டும் எண்ணிக்கை கூடி, மதியம் சரியானால் இரவில் ஆக்சிஜன் குறைகிறது என்று அர்த்தம். செடியும் பாசியும் பகலில் ஆக்சிஜன் தரும், இரவில் அவையும் மூச்சு விடும். மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் பச்சைப் பசேலென்று இருந்தால் காலை ஐந்து மணிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். மீன் மேலே வந்து வாய் பிளந்து நின்றால் இரவில் ஏர் பம்ப் போட்டே ஆக வேண்டும்.

ஒரே ஒரு மீனுக்கு மட்டும் ஏறியிருந்தால் அந்த மீனைப் பாருங்கள். ஒரு பக்கச் செவுளை மூடியே வைத்து மறுபக்கத்தால் மட்டும் மூச்சு விட்டால், தரையில் உரசினால், செவுள் புழுவாக இருக்கலாம். வெள்ளைப் புள்ளி நோய்கூடச் சில சமயம் செவுளில் முதலில் வந்து, உடம்பில் புள்ளி தெரிவதற்கு முன்பே மூச்சை ஏற்றிவிடும். மருந்துக்கு இடம் இங்கேதான் இருக்கிறது, அதுவும் என்ன நோய் என்று தெரிந்த பிறகு.

ஃபைட்டரும் கௌராமியும் வேறு கணக்கு. அவற்றின் தலைக்குள் காற்றை நேரடியாகச் சுவாசிக்க ஒரு தனி உறுப்பு இருக்கிறது. அவை மேலே வந்து காற்றை விழுங்குவது இயல்பு, பயப்பட வேண்டாம். அந்த மீன்களுக்குச் செவுளோடு, பத்து நிமிடத்தில் எத்தனை தடவை மேலே வருகிறது என்றும் எண்ணுங்கள். ஃபைட்டர் பக்கத்து ஜாடியில் இன்னொரு ஃபைட்டரைப் பார்த்துச் செவுளை விரித்துச் சீறிக்கொண்டிருந்தால் எந்த எண்ணும் செல்லாது. நடுவில் ஓர் அட்டையை வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

இன்னொன்று: வேகமாக விட்டுக்கொண்டிருந்த மீனின் மூச்சு மெல்லக் குறைவதைக் கண்டு நிம்மதி அடைய அவசரப்படாதீர்கள். மீன் நிமிர்ந்து நீந்தி, தீனியைத் தேடினால் அது தேறுகிறது. பக்கவாட்டில் சாய்ந்து, தட்டினாலும் திரும்பாமல், செவுள் விட்டுவிட்டு அசைந்தால் அதற்குத் தெம்பு தீர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டிலும் எண் இறங்கும்.

முதல் அரை மணி நேரம்

எண் கோட்டைத் தாண்டி நிற்கிறது, காரணம் இன்னும் தெரியவில்லை. அப்போது நான் செய்வது இவ்வளவுதான். காற்றைக் கூட்டுவேன், இன்னொரு ஏர் ஸ்டோன் போடுவேன் அல்லது ஃபில்டர் தண்ணீர் மேலிருந்து விழும்படி வைப்பேன். தண்ணீரின் மேற்பரப்பு கலங்குவதுதான் கணக்கு. விளக்கை அணைப்பேன். தீனி கிடையாது. வெப்பம் பார்ப்பேன், 32-ஐத் தாண்டியிருந்தால் தொட்டிமேல் டேபிள் ஃபேனைத் திருப்பிவிடுவேன். ஐஸைத் தண்ணீரில் கொட்ட மாட்டேன், திடீர்க் குளிர் இன்னொரு அடி. குளோரின் இல்லை என்று சோதித்த, அதே வெப்பத்தில் உள்ள தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றுவேன். கோல்டு ஃபிஷ், மாலித் தொட்டி என்றால் 20 லிட்டருக்கு 40 கிராம் கல் உப்பைத் தனியாகக் கரைத்து, அரை மணி இடைவெளியில் இரண்டு தவணையாக விடுவேன். செடி வைத்த தொட்டிக்கும் செதில் இல்லாத கெளுத்தி வகைகளுக்கும் இந்த அளவு வேண்டாம்.

வலை போட்டுப் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றலாமா என்று கேட்பார்கள். தண்ணீரே விஷம் என்று தெரிந்தால் தவிர மாற்றாதீர்கள். மூச்சு வாங்கும் மீனை விரட்டிப் பிடிப்பது, மாடிப்படி ஏறி இளைத்தவரை மறுபடி ஓடச் சொல்வது போல.

ஒவ்வொன்றையும் செய்த பிறகு 15 நிமிடம் விட்டு எண்ணுங்கள். காற்றைக் கூட்டியதும் எண் இறங்கினால் ஆக்சிஜன்தான் குறை. காற்றுக்கு அசையாமல் தண்ணீர் மாற்றியதும் இறங்கினால் அம்மோனியாவோ வேறு ஏதோ தண்ணீரில் இருந்திருக்கிறது, சோதித்துப் பாருங்கள். எதற்கும் இறங்கவில்லை என்றால் செவுளே பழுதாகியிருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டிய ஆபத்து வந்தால் செய்துவிடுங்கள், அப்போது காரணம் தேடுவதைவிட மீன் பிழைப்பது பெரிது.

இதெல்லாம் செய்தும் இறங்கவில்லையா, எனக்குப் போன் செய்யுங்கள். அப்போது நோட்டு கையில் இருக்கட்டும். மீனின் பழைய எண், இப்போதைய எண், தண்ணீரின் வெப்பம், செவுள் திறக்கும் அகலம், கடைசியாகத் தண்ணீர் மாற்றிய நாள், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது. ஏழு மணிக்கு நான் மாடியிலிருந்து இறங்கியிருப்பேன்.